இரண்டு முறை சிமிட்டினால் சாப்பாடு

கேட்டாரா, கேட்கவில்லையா? மூன்று நாளாக இந்த ஒரு கேள்விதான் என்னைப் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் தொங்கும்போதும், பல் துலக்கும்போதும் அதே கேள்வி. இருப்புக் கொள்ளவில்லை.

கேட்டாரா என்றால், என் மாமனார். எதை என்றால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் என் அக்காவிடம் போனில் சொன்னதை.

அப்போது சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் இயர்போன். இரண்டு கையிலும் சோப்பு நுரை. வெளியே இருட்டிவிட்டதால் எதிரே இருந்த ஜன்னலில் என் மூஞ்சியும் ட்யூப்லைட்டும் மட்டும்தான் தெரிந்தன. அக்கா வழக்கம்போல எல்லாரையும் விசாரித்துவிட்டு, "உன் மாமனார் எப்படி இருக்காரு?" என்றாள். நான் சொன்னேன்: "அவருக்கென்ன. வீட்ல ஒரு அலமாரி கூடுதலா இருக்கிற மாதிரி இருக்காரு. அந்த ரூம் காலியானா புள்ளைக்கு ஒரு மேசை நாற்காலி போடலாம். இன்னும் எத்தனை வருஷமோ."

இயர்போன் மாட்டிக்கொண்டால் நம் குரல் நமக்கே கேட்பதில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவோம். நானும் கத்தித்தான் இருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், விளக்குப் போடாத கூடத்தில் சாப்பாட்டு மேசையில் மாமா உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். குனிந்து தோலை உரித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தாரோ தெரியவில்லை. 

காது மெஷின் போட்டிருந்தாரா என்று பார்த்தேன். எங்கே தெரிகிறது? கட்டைவிரல் நகத்தளவுதான் அது, நரை நிறத்திலேயே செய்து கொடுத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் முடிக்குள் ஒளிந்துகொள்ளும். "மாமா, காபி?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. கேட்காததால் நிமிரவில்லையா, கேட்டதால் நிமிரவில்லையா? சுளையை ஒவ்வொன்றாகத் தின்றார். தோலைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, என் கணவரிடம் சொன்னார்: "பெரியவன் வீட்டுல போய் இருக்கலாம்னு பாக்கறேன். சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுடு."

"எத்தனை நாளைக்குப்பா?"

"பாக்கலாம்."

என் கணவர் ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டே மறு கை விரலால் போனைத் தேய்த்தார். ஊர், தேதி, ஜன்னலோர சீட். ரொட்டியை அடுத்த கடி கடிப்பதற்குள் டிக்கெட் வந்துவிட்டது. அந்தக் காலமாக இருந்தால் டிக்கெட் எடுக்க யாராவது அரை நாள் வரிசையில் போய் நிற்க வேண்டும், நிற்கிற நேரத்தில் 'எதுக்கு இப்பத் திடீர்னு?' என்று ஒருவராவது யோசித்திருப்போம். நாற்பது செகண்டில் யார் என்னத்தை யோசிப்பது.

பெரியவன் என்றால் என் கணவரின் அண்ணன்; அவர் வீடு என்பது ஒரு அறையும் ஒரு கூடமும். அவரும் அவர் மனைவியும் காலை ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாமா அங்கே கூடத்துச் சோபாவில்தான் படுக்க வேண்டும். போன தடவை பத்து நாள் இருந்துவிட்டு வந்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது தெரிந்தும் அவரே கிளம்புகிறார் என்றால் என்ன அர்த்தம்?

கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டிருக்காவிட்டாலோ, மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று நானே போய் அதை அவர் காதில் போட்டதாகிவிடும். 'மாமா, உங்களை அலமாரின்னு சொன்னேன், மன்னிச்சுக்கங்க' என்று எந்த மருமகளாவது தானாகப் போய்ச் சொல்வாளா? கணவரிடம் சொன்னால், "கேட்டிருக்காது, விடு" என்பார். அவருக்கு உலகத்தில் எல்லாமே விடு தான். மென்று முழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாமா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். பழைய வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கத்துக் காது முதலில் போனது, பிறகு மற்றது. காது போனாலும் கண் சாமானியப்பட்டதல்ல. "சின்ன வயசுல அப்பா பஸ்ல ஏறினா கடைசி சீட்டுல கூட வாலாட்ட முடியாது, கண்ணாடியில பாத்துட்டே இருப்பாரு" என்று என் கணவர் சொல்வார். அத்தை இருந்தவரை வீட்டில் அவருக்காகக் கத்துவதற்கு ஓர் ஆள் இருந்தது. அத்தை போன பிறகு எங்களோடு வந்தார். நாங்கள் கத்திப் பார்த்தோம். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் தொண்டை கட்டியது.

அப்போதுதான் என் மகள் அந்த பல்பைக் கண்டுபிடித்தாள். எட்டாவது படிக்கிறாள், வாய் நீளம் என்றாலும் மூளையும் உண்டு. போனிலிருந்து இயக்குகிற பல்பு ஒன்றை வாங்கி மாமாவின் அறையில் மாட்டினாள். இரண்டு முறை சிமிட்டினால் சாப்பாடு. மூன்று முறை சிமிட்டினால் குளிக்க வெந்நீர் தயார். பச்சையாக எரிந்தால் யாரோ வந்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் கொடுத்தாள். என்ன சாமர்த்தியம் என்று நாங்கள் எல்லாரும் மெச்சினோம். அக்காவுக்குக் கூட வீடியோ எடுத்து அனுப்பினேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு காது மெஷின் வந்தது. அதற்குப் பிறகு பல்புக்கு வேலையே இல்லை. ஆனால் யார் எழுந்து போய்க் கூப்பிடுவது? நானும் கணவரும் மகளும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வதே போன் குரூப்பில்தான். 'சாப்பாடு' என்று ஒரு தட்டு, மாமாவுக்கு பல்பில் ஒரு தட்டு. எல்லாரும் வந்துவிடுவார்கள். மருந்துப் பெட்டி வேளைக்கு வேளை தானே கூவும். ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு நிமிஷம் நின்றால் அது முறையிடும். துணி துவைத்து முடித்ததும் வாஷிங் மெஷின் ஒரு பாட்டே பாடும். ஒரு நாள் நானும் மகளும் வீட்டில் எத்தனை சிப் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்து, அறுபதைத் தாண்டியதும் அலுத்துப்போய் விட்டுவிட்டோம்.

சிப் என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பிழைப்பே அதுதான். பதினொரு வருஷமாக ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் மூடிய வெள்ளை உடுப்பில், ஜன்னலே இல்லாத கூடத்தில் நிற்கும் வேலை. மெஷின் ஒவ்வொரு சிப்பாக எடுத்து, சாக்கெட் என்கிற சின்னக் குழியில் வைத்து அமுக்கும். மின்சாரத்தில் கேள்வி கேட்கும். ஒழுங்காகப் பதில் சொன்னால் நல்ல பெட்டி, சொல்லாவிட்டால் கழிவுப் பெட்டி. ஒரு சிப்புக்கு ஒரு செகண்ட் கூட ஆகாது. அது எந்தப் பொருளுக்குள் போய் உட்காரப் போகிறது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். திரையில் ஓடுகிற எண்களைப் பார்ப்பதுதான் என் வேலை. எண் இருந்தால் நம்புவேன். எண் இல்லாமல் யாராவது ஏதாவது சொன்னால் பதினொரு வருஷத்தில் எனக்கு நம்பிக்கை வராமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை திரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண் பார்த்தது, மனசு ஆரஞ்சுப் பழத்தில் இருந்தது. வரிசையாக ஆயிரக்கணக்கில் சிப்புகள் கழிவுப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் டெக்னீஷியன்தான் ஓடி வந்து மெஷினை நிறுத்தினார்.

"என்ன மேடம், தூங்கறீங்களா? இத்தனை ஃபெயில் ஒரே மூச்சுல வந்தா சிப்பு மேலயா சந்தேகம் வரும்? சாக்கெட்டைப் பாக்க வேணாமா?"

சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஊசிமுனைகளில் அழுக்கு. கேள்வி சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேராத கேள்விக்கு அது என்ன பதில் சொல்லும்? நல்ல சிப்புகளை எல்லாம் குப்பையில் போட்டிருந்தோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார் டெக்னீஷியன். நல்ல மனிதர், அதிகம் நோண்ட மாட்டார். நான் சுற்றி வளைத்து, மாமனார் காது மெஷினை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"இதுக்கு எதுக்கு சந்தேகம்? எங்கம்மாவும் போட்டிருக்காங்க. அந்த மெஷினுக்குள்ள இருக்கிற சிப்பு எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். எவ்வளவு நேரம் போட்டாங்க, எவ்வளவு நேரம் கழட்டி வெச்சாங்க எல்லாம். வாங்கின கடைல குடுத்தா கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுவாங்க. எங்கம்மா குட்டு அப்படித்தான் உடைஞ்சுது."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எண் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மெஷின் ஓடியதா இல்லையா என்று ஒரு சிப் எழுதி வைத்திருக்கிறது. ஓடவில்லை என்றால் நான் தப்பித்தேன். ஓடியது என்றால் காலில் விழ வேண்டியதுதான். பக்கத்து அறையில் இருக்கிற மனிதரின் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. கணவரும் மகளும் கிளம்பியதும் மாமாவிடம் போனேன். "மாமா, மெஷினை சர்வீஸுக்குக் கொண்டுபோறேன். ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடலாம்."  அவர் இரண்டு காதிலிருந்தும் எடுத்து, துணியால் துடைத்து, டப்பாவில் வைத்துக் கொடுத்தார். கட்டிலில் பை திறந்து கிடந்தது. மூன்று சட்டைகள் மடித்து உள்ளே வைத்திருந்தார். கோடைக்கான சட்டைகள் இரண்டு, குளிருக்கான கம்பளிச் சட்டை ஒன்று. இப்போது கோடை. குளிர் வரும்வரை அவர் திரும்புவதாக இல்லை.

காது மெஷின் கடை இரண்டாவது மாடியில். மேசைமேல் தலையணை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது. அதற்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. டப்பாவைத் திறந்து, இரண்டு மெஷினையும் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். திரையில் எண்களும் கோடுகளும் வந்தன. எனக்குப் பழக்கப்பட்ட காட்சி, கொஞ்சம் தெம்பு வந்தது.

"அஞ்சு மாசத்துக்கு முன்னால செக்கப்புக்கு உங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தாரு இல்ல? அதிலேருந்து இன்னைக்கு வரைக்கும் கணக்கு இருக்கு. தினம் சராசரி பதிமூணு மணி நேரம் நாப்பது நிமிஷம். அருமையான பேஷன்ட். பாதிப் பேரு இதை ட்ராயர்லதான் வெச்சிருப்பாங்க."

பதின்மூன்று மணி நேரம் என்றால் விழித்திருக்கிற நேரம் கிட்டத்தட்ட முழுவதும்.  "போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆன்ல இருந்துச்சான்னு பாக்க முடியுமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எதுக்கு?"

"சும்மாதான்."

"நாள், மணி எல்லாம் இதுல இருக்காதுங்க. மொத்தக் கணக்கும் சராசரியும்தான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன். அவள் விடவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். வட்டமாக ஒரு படம், அதில் மூன்று நிறங்கள்.

"இது பாருங்க. எந்த மாதிரி சத்தத்துல இருந்தாருன்னும் இது பிரிச்சு வெச்சிருக்கும். சத்தமே இல்லாத இடம் எழுபத்தொண்ணு சதவீதம். மிக்சி, ஃபேன், தெரு மாதிரி இரைச்சல் இருபது. பேச்சு ஒம்பது." கொஞ்சம் தயங்கினாள். "உங்க மாமனார் தனியாவா இருக்காரு?"

"இல்லையே. எங்க கூடத்தான். நாங்க நாலு பேரு."

"ஓ," என்றாள்.  அந்த ஓவுக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எண்ணைப் பார்த்தால் என் மூளை சும்மா இருக்காது. பதின்மூன்று மணி நாற்பது நிமிஷத்தில் ஒன்பது சதவீதம் என்றால் எழுபத்து நான்கு நிமிஷம். ஒரு நாளைக்கு எழுபத்து நான்கு நிமிஷம் பேசுகிறோமே, அவ்வளவு மோசமில்லையே என்று ஒரு அற்ப ஆறுதல். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"டிவில செய்தி வாசிக்கிறவங்க பேசறதும் இதுக்குப் பேச்சுதாங்க," என்றாள் அந்தப் பெண். "யாரு பேசறாங்கன்னு இதுக்குத் தெரியாது."

மாமா தினமும் ஏழரையிலிருந்து எட்டரை வரை செய்தி பார்ப்பார். ஒரு நாள் தவற மாட்டார். அறுபது நிமிஷம். மீதி பதினான்கு. அதில் பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வங்கியிலிருந்து வருகிற போன். எனக்கென்று எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை.

"இன்னொண்ணு. நாங்க வெச்சுக் குடுத்த அளவைவிட அவரே வால்யூமை ஏத்திட்டே இருந்திருக்காரு. தினமும். கேக்கறது பத்தலைன்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல. காதும் அஞ்சு மாசத்துல அவ்வளவு மோசமாகி இருக்காது. எதுக்கும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

எதையாவது கேட்க முடிகிறதா என்று அந்த மனிதர் தினமும் வால்யூமை ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறார். கேட்க அங்கே என்ன இருந்தது?

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன். சுற்றிலும் எல்லார் காதிலும் இயர்போன், எல்லார் கையிலும் வெளிச்சம். என் கைப்பையில் மாமாவின் இரண்டு காதுகள். நேற்றுக் கழிவுப் பெட்டியில் விழுந்த சிப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. கேள்வியே போகவில்லை, பதில் வரவில்லை என்று தள்ளிவிட்டோம். வேலையில் அது நடந்தால் டெக்னீஷியன் ஓடி வருவார். வீட்டில் யார் வருவார்கள்? மூன்று நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது தப்பு, ஓடினேன்.

வீட்டுக் கதவு விரலை வைத்ததும் திறந்துகொண்டது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டுவிட்டுப் போன துணி. மாமாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பைக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது. கூப்பிட வேண்டும். என் கை தானாகப் போனை எடுத்தது, கட்டைவிரல் பல்பின் படத்துக்கு மேலே போய்விட்டது. பச்சை, யாரோ வந்திருக்கிறார்கள். நான் வந்திருக்கிறேன் என்பதற்கு அந்தத் தாளில் நிறமே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்துவிட்டு உள்ளே போய் அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார். கட்டிலில் உட்காரச் சொல்லி, எதிரே இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். டப்பா என் கையில் இருந்தது. கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதை இறுகப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

இதைவிடக் கோழைத்தனம் உண்டா என்று எனக்கே தெரியும். கேட்காத காதிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் என் பாரம் இறங்கும், அவருக்கும் தெரியாது. சத்தமே வராத குரலில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மாமா, ஞாயித்துக்கிழமை உங்களை அலமாரின்னு சொன்னேன். ரூம் காலியானா நல்லதுன்னு சொன்னேன். இன்னும் எத்தனை வருஷமோன்னு சொன்னேன். நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். நீங்க கேட்டீங்களா இல்லையான்னு பாக்கத்தான் உங்க மெஷினைத் தூக்கிட்டுப் போனேன். உங்ககிட்ட கேக்க தைரியமில்ல. அங்க போனா, ஒரு நாளைக்கு ஒம்பது சதவீதம்தான் பேச்சுன்னு சொல்றாங்க. டிவியைக் கழிச்சா பதினாலு நிமிஷம். இதுதான் மாமா நான் உங்களைப் பாத்துக்கிட்ட லட்சணம். போகாதீங்க."

அவர் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் தாடையைத் தடவினார்.

"அன்னைக்கு மெஷின் காதுல இல்லம்மா," என்றார். "குளிச்சுட்டு வந்திருந்தேன். சார்ஜ்ல கிடந்துது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 

"முப்பத்தோரு வருஷம் அந்த எஞ்சின் சத்தத்துல கண்டக்டர் சொன்னது ஒரு நாளும் என் காதுல விழுந்ததில்ல. தலைக்கு மேல இருக்கிற கண்ணாடில அவன் வாயைப் பாப்பேன். நிறுத்துன்னா நிறுத்துவேன், போன்னா போவேன். கடைசி சீட்டுல எவனாவது என்னைத் திட்டினாலும் தெரிஞ்சுடும். சில பேரு ரொம்ப மோசமாத் திட்டுவான்." லேசாகச் சிரித்தார். "நம்ம சமையல்கட்டு ஜன்னல் சாயங்காலமானா நல்ல கண்ணாடிம்மா. எனக்கு முதுகைக் காட்டிட்டுதான் நின்ன. உன் வாய் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

"அலமாரின்னது கூடப் பரவாயில்ல. அது பாட்டுக்கு ஒரு மூலைல இருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்ல. எத்தனை வருஷமோன்னு கேட்ட பாரு. எனக்கும் அதுக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். பதில் தெரியாதவன் எத்தனை நாள் இந்த வீட்டுல உக்காந்திருக்கிறது? அதான் கிளம்பலாம்னு."

அழுதேன். சிணுங்கல் இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

"மெஷினைக் குடு."

கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் காதில் மாட்டினார். அது ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே ஒரு சின்ன இசை வருமாம், போட்டவருக்கு மட்டும் கேட்கும். அது முடியட்டும் என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பஸ்ஸைக் கிளப்பும்முன் கண்டக்டரின் விசிலுக்குக் காத்திருக்கிற டிரைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு விரலை இறக்கினார்.

"இப்ப சொல்லு. பாத்தாச்சு. காதாலயும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

முதல் தடவை சொன்னது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் அவர் காதுக்குள் போய் விழுவது எனக்குத் தெரிகிறது. அலமாரி என்றபோது அவர் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. எத்தனை வருஷமோ என்ற இடத்தில் நான் தடுமாறினேன். "சொல்லு," என்றார். சொன்னேன். வாஷிங் மெஷின் முடித்துவிட்டுத் தன் பாட்டைப் பாடியது. யாரும் எடுக்க வராததால் மறுபடியும் பாடியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

சொல்லி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த பல்பைக் கழட்டிடறேன் மாமா," என்றேன்.

"வேணாம். பாப்பா ஆசையா மாட்டினது."

"சனிக்கிழமை போக மாட்டீங்கதானே?"

 அவர் பைக்குள் கையை விட்டுக் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்தார். மடியில் வைத்துச் சுருக்கத்தை நீவினார். உள்ளே திரும்ப வைக்கவும் இல்லை, அலமாரியில் வைக்கவும் இல்லை.

"இன்னைக்கு புதன்தானே," என்றார். "இன்னும் மூணு நாள் இருக்கு. பேசு, பாக்கலாம்."